புதுக்கவிதையைப் படித்துவிட்டு நோட்டில் என்ன எழுதுவது?

கல்லூரி முதலாண்டில் தமிழ் எல்லோருக்கும் உண்டு. கணிதம் படிக்க வந்தவரும் வணிகவியல் படிக்க வந்தவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். புதுக்கவிதைப் பகுதி வந்ததும் ஆசிரியர் ஒரு வேலை கொடுப்பார். "ஏதாவது ஒரு கவிதையைப் படிச்சிட்டு, உங்களுக்கு என்ன தோணுச்சோ அதை ரெண்டு பக்கம் எழுதிட்டு வாங்க." அன்று மாலை திருவாரூர் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் ஒரே புலம்பலாக இருக்கும். பொருள் எழுதச் சொன்னால் நோட்ஸைப் பார்த்து எழுதிவிடலாம். தனக்குத் தோன்றியதை எந்த நோட்ஸில் பார்ப்பது?

பதினைந்து வருஷமாக இந்த வேலையைக் கொடுத்து வருகிறவன் நான். அதற்கு முன் இதே வேலையில் மண்ணைக் கவ்வியவனும் நான்தான். மாணவனாக இருந்தபோது நாலு பக்கம் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். "கவிஞர் சமுதாய அவலங்களைச் சாட்டையால் அடிக்கிறார்" என்று ஆரம்பித்து, "இக்கவிதை என் நெஞ்சை நெகிழ வைத்தது" என்று முடித்திருந்தேன். ஆசிரியர் பொறுமையாகப் படித்துவிட்டு, "நாலு பக்கத்துல நீ எங்கப்பா இருக்க?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கவிதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் சாட்டையும் இல்லை, சமுதாயமும் இல்லை. மழையில் நனைகிற ஒரு சைக்கிள்தான் இருந்தது.

அந்தச் சைக்கிளை நான் பார்க்கவே இல்லை. புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அதனால் கோட்பாடு எதையும் தொடாமல், என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பழகுவதற்கு ஒரு கவிதை

அடுத்தவர் கவிதையை அறுத்துக் காட்ட எனக்குக் கூச்சம். ஆகவே நானே எழுதிய ஐந்து வரியை வைத்துக்கொள்வோம். சுமாரான கவிதைதான். ஓட்டிப் பழக ஓட்டை சைக்கிள் போதும்.

ஜூன் 12

மதகைத் திறந்தார்கள்.
முதலில் வந்தது
தண்ணீர் இல்லை.
போன வருஷத்துச்
செருப்பு ஒற்றை.

முதல் வேலை: வாயால் படியுங்கள்

கண்ணால் படித்தால் ஐந்து நொடி. வாயால் படித்தால் அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில்தான் விஷயம் இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கக் கூச்சமாக இருந்தால் உதட்டை அசைத்தாலும் சரி. ஜெராக்ஸ் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, இன்று ஒரு தரம், நாளை காலை ஒரு தரம், நாளை இரவு ஒரு தரம். ஒரே உட்காரலில் பத்து முறை படிப்பதைவிட இது மேல்.

வரி எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கணம் நில்லுங்கள். "முதலில் வந்தது" என்று நின்றால் என்ன ஆகிறது? உங்கள் வாய் தானாகவே "தண்ணீர்" என்று முடிக்கத் தயாராகிவிடுகிறது. அடுத்த வரியும் "தண்ணீர்" என்றே தொடங்குகிறது. சரிதான் என்று நினைக்கும்போது "இல்லை" என்று காலை வாருகிறது. இதையே ஒரே வாக்கியமாக, "மதகைத் திறந்ததும் தண்ணீருக்கு முன்னால் ஒரு பழைய செருப்பு வந்தது" என்று எழுதிப் பாருங்கள். செய்தி அதுவேதான். கால் வாரல் மட்டும் போய்விட்டது.

இன்னொரு சின்ன விஷயம். நான்காவது வரி "வருஷத்துச்" என்று முடிகிறது. அந்த ஒற்று அடுத்த வரியின் "செ"யை எதிர்பார்த்துக்கொண்டு தொங்குகிறது. நின்றாலும் முழுதாக நிற்க முடியாது. நாக்கு ஏற்கெனவே அடுத்த எழுத்தில் கால் வைத்துவிட்டது. சந்தி இலக்கணத்தைப் பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்தோமே, அது இங்கே வேலை செய்கிறது. கவிதையில் ஒற்றைக் கவனிக்கிற மாணவன் கிடைத்தால் எந்தத் தமிழாசிரியரும் அவனைக் கூப்பிட்டு டீ வாங்கித் தருவார்.

முடிந்தால் வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டுங்கள். நான் என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். ஐம்பது வருஷம் நடவுக்குப் போனவர். எழுத்துக் கூட்டத் தெரியாது. ஒருமுறை ஏதோ ஒரு கவிதையில் "பச்சை வயல்" என்று வந்தது. "எந்தப் பச்சைடா? நட்ட மூணாம் நாளு பச்சையா, கதிர் வர்ற பச்சையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கவிஞருக்கும் தெரிந்திருக்காது என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

இரண்டாவது: நோட்டின் நடுவில் கோடு

பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். நெல் கணக்கு எழுதுகிற நோட்டில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் இருக்குமே, அதே மாதிரி. இடப்பக்கம் "கவிதையில்", வலப்பக்கம் "என்னிடம்" என்று தலைப்பு.

இடப்பக்கம் கவிதையில் கண்ணுக்குத் தெரிகிற சொற்கள் மட்டும்தான் வர வேண்டும். மதகு. திறந்தார்கள் (யார்? சொல்லவில்லை). தண்ணீர் இல்லை. போன வருஷம். செருப்பு. ஒற்றை. அவ்வளவுதான். "வறட்சி", "விவசாயியின் துயரம்" என்றெல்லாம் இடப்பக்கம் எழுதக் கூடாது. கவிதையில் அந்தச் சொற்கள் இல்லை. அவை நீங்கள் கொண்டுவந்தவை, ஆகவே வலப்பக்கம்.

வலப்பக்கம் எதை வேண்டுமானாலும் எழுதலாம், வெட்கப்படாமல். சிரிப்பு வந்தால் "சிரிப்பு வந்தது". சலிப்பாக இருந்தால் "இதெல்லாம் ஒரு கவிதையா". ஒரே ஒரு நிபந்தனை: வலப்பக்கத்தில் எழுதும் ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே, இடப்பக்கத்தில் எந்தச் சொல் அதைக் கிளப்பியது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது கவிதையிலிருந்து வரவில்லை, உங்கள் சட்டைப் பையிலிருந்து வந்திருக்கிறது.

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் இதே ஐந்து வரியை வகுப்பில் கொடுத்தபோது ஒரு மாணவன் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அவன் அப்பா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர். போகும்போது பழைய செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போனார். அதில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றை அம்மா தூக்கிப் போடவே இல்லை, திண்ணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். இதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனாலும் மதிப்பெண் போட முடியவில்லை. முதல் பக்கம் முடிவதற்குள் கவிதை பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விட்டிருந்தது.

அவனைக் கூப்பிட்டு, "எந்தச் சொல்லுல உனக்கு இது ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டேன். யோசிக்காமல் "ஒற்றை, சார்" என்றான். "சரி, உங்க வீட்டுச் செருப்பும் இந்தச் செருப்பும் ஒண்ணா?" கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் மூன்று பக்கத்தையும் ஒன்றாகச் சுருக்கி, கடைசியில் இப்படி எழுதி வந்தான்: "கவிதையில் அந்தச் செருப்பை யாரும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா எடுத்து வைத்தாள்."

இந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான் நான் இந்த வேலையையே கொடுக்கிறேன். அவன் அம்மாவை வைத்துக் கவிதையைப் பார்த்தான். பார்த்ததும், கவிதையில் இல்லாத ஒன்று அவனுக்குத் தெரிந்தது. நானே அதைக் கவனித்ததில்லை, எழுதியவன் நான் என்றாலும்.

மூன்றாவது: ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள்

கவிதை உங்களை எங்கே நிறுத்தியது என்று தெரிந்துவிட்டது. ஏன் நிறுத்தியது என்று கண்டுபிடிக்கக் குறுக்குவழி ஒன்று உண்டு. அந்த இடத்தில் இருக்கும் சொல்லைப் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றை நட்டுப் பாருங்கள்.

"செருப்பு ஒற்றை" என்பதை "ஒற்றைச் செருப்பு" என்று திருப்பிப் படியுங்கள். நாம் பேசுகிற வரிசை இதுதான். இப்போது வெறும் செருப்பு மிதந்து வருகிறது, அவ்வளவுதான். "ஒற்றை" கடைசியில் இருக்கும்போது குரல் அங்கே போய் நிற்கிறது. ஜோடி எங்கே என்று மனசு தேடுகிறது. "செருப்பு"க்குப் பதில் "பிளாஸ்டிக் பை" என்று போட்டால் சுற்றுச்சூழல் பிரசாரம் ஆகிவிடும். "பூமாலை" என்றால் வேறு எங்கேயோ போய்விடும். "போன வருஷத்து" என்பதை எடுத்துவிட்டால்? பாதிக் கவிதை காணாமல் போகிறது. இப்படி நாலு மாற்று எழுதி, எது எதைக் கெடுத்தது என்று ஒவ்வொரு வரி குறித்துக்கொண்டால் உங்கள் இரண்டு பக்கத்தில் அரைப் பக்கம் அங்கேயே தயார்.

புரியாத இடம்

"புரியவில்லை" என்று எழுதலாமா என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். தாராளமாக. எது புரியவில்லை என்று சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லையா? அகராதி இருக்கிறது. வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லையா? மறுபடி வாயால் படியுங்கள். ஏதோ ஊர், தேதி, பெயர் வருகிறது, அது என்னவென்று தெரியவில்லையா? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாம் புரிகிறது, ஆனால் இதை ஏன் எழுதினார் என்று புரியவில்லையா? அதுதான் நல்ல கேள்வி. அதை அப்படியே நோட்டில் எழுதி, கீழே பத்து வரி காலியாக விட்டு வையுங்கள். செமஸ்டர் முடிவதற்குள் அதில் பாதியாவது நிரம்பும்.

தலைப்பில் "ஜூன் 12" என்று இருக்கிறது. சென்னையிலிருந்து வந்து தங்கிப் படித்த ஒரு பையன் அது கவிஞரின் பிறந்த நாள் என்று எழுதினான். அவன்மேல் தப்பில்லை. நம் காவிரி டெல்டாப் பக்கத்தில் அந்தத் தேதியைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். குறுவை நெல் சாகுபடிக்காக மேட்டூர் அணையைத் திறக்கிற நாள். ஆனால் அது ஊருக்கு ஊர் கேட்கிற விதம் வேறு. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020இல்தான் மறுபடி திறந்தார்கள். இது தெரிந்தவருக்கு "போன வருஷத்து" என்ற சொல் கொஞ்சம் கனமாகவே விழும். தவிர, மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாளாகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிட்டு, கிளை வாய்க்கால்களைத் தாண்டிக் கடைமடைக்கு, அதாவது பாசனத்தின் கடைசி ஊர்களுக்குப் போக இன்னும் எத்தனையோ நாள். ஆகவே ஜூன் 12 அன்றே நம்மூர் மதகில் தண்ணீர் வராது. தலைப்புக்கும் கவிதைக்கும் நடுவே ஒரு காத்திருப்பு இருக்கிறது. இல்லை, கவிஞருக்குக் கணக்குத் தெரியவில்லை என்றும் சொல்லலாம். இரண்டையும் மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

சில கவிதைகளுக்கு வெளியே போய்த் தகவல் தேடாமல் உள்ளே நுழையவே முடியாது. ஞானக்கூத்தன் கீழ்வெண்மணி பற்றி ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்கிறார். அவர் மயிலாடுதுறைக்காரர், திருஇந்தளூரில் 1938இல் பிறந்தவர். 1968 டிசம்பர் 25 இரவு, அப்போதைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இது தெரியாமல் அந்தக் கவிதையைப் படித்தால் அதன் அடங்கிய குரல் அலட்சியமாகக்கூடத் தோன்றலாம். தெரிந்து படித்தால் அதே அடக்கம் தாங்க முடியாமல் இருக்கும். இங்கே "எனக்குத் தோன்றியது" என்று மட்டும் எழுதித் தப்பிக்கக் கூடாது. முதலில் படித்தபோது என்ன தோன்றியது, தெரிந்துகொண்டு படித்தபோது என்ன தோன்றியது என்று இரண்டையும் தேதி போட்டு எழுதுங்கள்.

எழுத உட்காரும்போது

கோடு போட்ட பக்கம் நிறைந்த பிறகுதான் கட்டுரை. ஆரம்பத்தில் கவிஞரின் வாழ்க்கை வரலாறு வேண்டாம். கவிதை உங்களை நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்குங்கள்: "மூன்றாவது வரியில் 'இல்லை' என்று படித்தபோது நான் ஏமாந்தேன்." அப்புறம் ஏன் ஏமாந்தீர்கள், எந்தச் சொல் ஏமாற்றியது, உங்களிடமிருந்து எது வந்து அதோடு ஒட்டிக்கொண்டது. "நான்" என்று எழுதலாம். "நம் மனத்தைத் தொடுகிறது" என்று ஊருக்கே சேர்த்துப் பேச வேண்டாம். யார் மனத்தை என்று கேட்பேன்.

படிமம், குறியீடு, தொன்மம், அங்கதம், இருண்மை. தேர்வுக்கு இந்தச் சொற்கள் வேண்டும், படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த நோட்டில் முதல் மாதம் இவற்றைத் தொடக் கூடாது என்பது என் கட்டளை. காரணம் "குறியீடு". "செருப்பு வறுமையின் குறியீடு" என்று எழுதிய நிமிஷமே செருப்பு மறைந்துவிடுகிறது. அதன் வார் அறுந்திருந்ததா, இடது காலா வலது காலா, ஆணுடையதா குழந்தையுடையதா என்று யாரும் கேட்பதில்லை. முதலில் அது செருப்பாக இருக்கட்டும். வேறொன்றாக வேண்டும் என்றால் அதுவே ஆகிக்கொள்ளும்.

பிடிக்கவில்லை என்றும் எழுதலாம். ஒருத்தி என் கவிதையைப் பற்றி, "இதைப் படித்ததும் கவிஞர் வரப்பில் நிற்கவில்லை, பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார் என்று பட்டது" என்று எழுதினாள். ஆசிரியர் எழுதியது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

எந்தக் கவிதையை எடுப்பது, எங்கே கிடைக்கும்

பாடப்புத்தகத்தில் இருப்பதோடு நிறுத்தாதீர்கள். ஊரில் கிளை நூலகம் இருந்தால் கவிதை அலமாரி பெரும்பாலும் ஆள் தொடாமல் இருக்கும். தூசியைத் தட்டி எடுங்கள். தஞ்சாவூரில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போகலாம். சரசுவதி மகாலைப் பார்க்க வேண்டும், அது வேறு விஷயம்; ஓலைச்சுவடிக்குப் பேர்போன இடம் அது, புதுக்கவிதைத் தொகுப்புக்காக அங்கே அலைய வேண்டாம்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது, அதுவும் நம் ஊர்ப் பக்கத்து வரலாறு. பாரதியின் வசன கவிதைகளுக்குப் பிறகு இந்த வழியில் துணிந்து நடந்தவர் கும்பகோணத்தில் பிறந்த ந. பிச்சமூர்த்தி, வக்கீலாக இருந்தவர். அவருடைய 'காதல்' கவிதை மணிக்கொடி பத்திரிகையில் வந்தது 1934இல். மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் அதே 1934இல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் வகுப்பில் சொன்னால் வருஷம் மறக்காது. வலங்கைமானில் பிறந்த விமர்சகரும் கவிஞருமான க.நா.சு.வும் நம்மவர். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய பிறகுதான் புதுக்கவிதைக்கு ஓர் இடமும் அதைப் பற்றிச் சண்டை போட ஒரு திண்ணையும் கிடைத்தன. 1962இல் அவர் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பையும் போட்டார்.

நம் ஊர்க் கவிஞர்களை மட்டும் படித்தால் ஒரு சிக்கல் உண்டு. ஆறு என்று எங்கே பார்த்தாலும் காவிரியாகவே தெரியும். கவிஞர் பிரமிள் இலங்கைத் திருகோணமலைக்காரர், அவர் கவிதையில் கடல் வந்தால் அதை நாகப்பட்டினம் கடலாக்கிவிடாதீர்கள். எனக்கு இந்த வியாதி இன்னும் முழுதாகக் குணமாகவில்லை.

கடைசியாக அந்தச் செருப்பைப் பற்றி இன்னொன்று. தலைஞாயிறு பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: "எங்கள் ஊருக்குச் செருப்புகூட வராது. நுரைதான் வரும்." ஏம்மா என்று கேட்டேன். "செருப்பெல்லாம் மேலயே எங்கயாவது ஒதுங்கிடும் சார். எங்களுக்கு வர்றப்ப தண்ணிக்கு எதையும் தள்ளிட்டு வர்ற அளவுக்கு வேகம் இருக்காது." அப்படியானால் இந்தக் கவிதை எங்கே நிற்கிறது என்று கேட்டேன். "தலைமடையில" என்றாள் உடனே. நான் எழுதும்போது எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

அன்று இரவு "செருப்பு ஒற்றை"யை அடித்துவிட்டு "நுரை" என்று போட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை, கவிதை கரைந்துவிட்டது. மறுநாள் அவளிடமே சொன்னேன். "அப்ப எங்க ஊருக்கு வேற கவிதை எழுதுங்க சார்" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருஷமாக முதல் வரியிலேயே நிற்கிறது.